படத்துக்கும் எடை உண்டு

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் காம்பெல் நிறுவனம் தன் காய்கறி சூப்புக்கு விளம்பரம் எடுத்தபோது, கிண்ணத்தின் அடியில் முதலில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு அதன்மேல் சூப்பை ஊற்றினார்கள். காய்த்துண்டுகள் மூழ்க இடமில்லாமல் மேலே திரண்டு நின்றன. பார்ப்பவர் கண்ணுக்குக் கிண்ணம் நிறையக் காய். சூப் அசல் சூப்தான். காய்களும் அந்த டப்பாவிலிருந்து வந்தவைதான். பொய்யான சொல் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் அந்த டப்பாவை வாங்கித் திறப்பவருக்கு அந்தக் கிண்ணம் ஒருநாளும் கிடைக்காது.

அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதை விசாரணைக்கு எடுத்தது. அசையாத கிண்ணத்தில் காய்கள் அடியில் தங்கிவிடும், கேமராவுக்கு வெறும் சாறுதான் தெரியும், உள்ளே இருப்பதைக் காட்டத்தான் கோலி போட்டோம் என்பது நிறுவனத்தின் தரப்பு. இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் உள்ளே காய் இருக்கிறது என்று சொன்ன அதே படம், எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொன்னது; அந்த அளவு உண்மையில்லை. இனி இப்படிச் செய்வதில்லை என்ற இசைவு ஆணையோடு 1970இல் விவகாரம் முடிந்தது.

முடியும் முன் ஒரு திருப்பம் நடந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் சிலர், தங்கள் அமைப்பின் பெயரின் முதலெழுத்துகள் ‘சூப்’ என்று வரும்படி வைத்துக்கொண்டு ஆணையத்தின் கதவைத் தட்டினார்கள். “இனிமேல் ஏமாற்றாதே என்று சொன்னால் போதுமா? ஏற்கெனவே பார்த்து நம்பியவர்களுக்கு என்ன பதில்? நாங்கள் முன்பு காட்டியது சரியல்ல என்று நிறுவனமே விளம்பரம் செய்ய வேண்டும்” என்பது அவர்கள் கோரிக்கை. காம்பெல் வழக்கில் ஆணையம் அதற்கு இணங்கவில்லை. ஆனால் அந்த யோசனை பிழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1971இல், ‘புரொஃபைல்’ என்ற ரொட்டியின் மீது அது பாய்ந்தது. உடல் எடையைக் குறைக்க உதவும் ரொட்டி என்று அதை விற்றுவந்தார்கள். ஒரு துண்டில் கலோரி குறைவு என்பது உண்மைதான். காரணம், துண்டை மெல்லியதாக வெட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் ரகசியம். ஓராண்டுக்கு விளம்பரச் செலவில் நான்கில் ஒரு பங்கை, இந்த உண்மையைச் சொல்லவே செலவிட வேண்டும் என்று நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ரொட்டி விற்றவர்கள் சிக்கிக்கொண்டதற்கும் சூப் விற்றவர்கள் ஓர் உறுதிமொழியோடு தப்பியதற்கும் உள்ள வேறுபாடு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. ரொட்டியின் வாக்குறுதி சொல்லிலும் எண்ணிலும் இருந்தது. சூப்பின் வாக்குறுதி படத்தில் இருந்தது. உணவுத் தொழில் இந்த வேறுபாட்டை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது என்பதே என் வாதம். அளந்து பார்க்கக்கூடியதை எண்ணாகச் சின்ன எழுத்தில் போடுகிறார்கள். ஆசை காட்டுவதைப் படமாகச் சுவர் முழுக்கப் போடுகிறார்கள். எண் குறைந்தால் சட்டம் கேள்வி கேட்கும். படம் குறைந்தால், “விளம்பரம்தானே, அப்படித்தான் இருக்கும்” என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நாம் காசைக் கொடுப்பது படத்தைப் பார்த்து.

படத்தைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965இலேயே ஒரு கோடு கிழித்தது. வழக்கு உணவைப் பற்றியதே அல்ல, சவரக் கிரீம். ‘ராப்பிட் ஷேவ்’ என்ற கிரீமைத் தடவினால் உப்புத்தாள்கூட வழவழவென்று மழிபடும் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். காட்டியது உப்புத்தாள் இல்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின்மேல் தூவிய மணல். நிரூபணம் என்று காட்டியதே போலி என்பதால் அது ஏமாற்று என்றது நீதிமன்றம். அந்த விவாதத்தில் ஒரு கேள்வி எழுந்தது: படப்பிடிப்பு விளக்கின் சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும் என்பதால் அதற்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கைக் காட்டுகிறார்களே, அதுவும் குற்றமா? யாரோ ஒருவர் மகிழ்ச்சியாக ஐஸ்கிரீம் சாப்பிடுவதாகக் காட்டினால் குற்றமில்லை, ஆனால் “இதன் வழவழப்பை, நிறத்தை நீங்களே பாருங்கள்” என்று உருளைக்கிழங்கைக் காட்டினால் அது சவரக் கிரீம் வழக்கைப் போன்றதுதான் என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பு விளக்கியது.

மிக நுட்பமான வேறுபாடு அது. அதன் பிறகு விளம்பரத் தொழிலில் ஒரு நடைமுறை நிலைத்தது: எந்தப் பொருளை விற்கிறோமோ அது அசலாக இருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பது எதுவாகவும் இருக்கலாம். கார்ன்ஃப்ளேக்ஸ் விற்றால் கார்ன்ஃப்ளேக்ஸ் அசல். ஊற வைத்துவிடாத வெள்ளைப் பசை பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். குளிர்பானம் விற்றால் பானம் அசல். கோப்பையில் மிதக்கும் ஐஸ்கட்டி அக்ரிலிக், வெளியே வழியும் பனித்துளி கிளிசரின். ஆவி பறக்க வேண்டுமென்றால் சூடேற்றிய ஈரப்பஞ்சைத் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். இந்தத் தந்திரங்களின் பட்டியல் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. படிக்கச் சுவையாகவும் இருக்கிறது. ஆனால் அவை நம் கவனத்தைத் தவறான பக்கம் திருப்புகின்றன என்று நினைக்கிறேன். பசையைப் பாலாகக் காட்டியதால் யாருக்கும் காசு நட்டமாகவில்லை. அசல் பொருளையே கொண்டு அசலைவிடப் பெரிதாகக் காட்டுவதுதான் காசைத் தொடும் வேலை.

அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு நிறுவனமே திறந்து காட்டியது. 2012இல் கனடா மெக்டொனால்ட்ஸிடம் டொராண்டோவைச் சேர்ந்த ஒரு பெண், உங்கள் உணவு விளம்பரத்தில் ஒரு மாதிரியும் கடையில் வேறு மாதிரியும் இருப்பது ஏன் என்று கேட்டார். பதிலாக ஒரு காணொளி வந்தது. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு அதிகாரி கடைக்குப் போய் ஒரு ‘குவார்ட்டர் பவுண்டர்’ வாங்குகிறார். ஒரு நிமிடத்தில் கைக்கு வந்துவிடுகிறது. அதை எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக் கூடத்துக்குப் போகிறார். அங்கே அதே பொருள்களைக் கொண்டு இன்னொரு பர்கரைச் செய்ய மணிக்கணக்கில் ஆகிறது. ஊறுகாய்த் துண்டு, வெங்காயம், சாஸ் எல்லாவற்றையும் கேமரா பார்க்கும் விளிம்புக்கு இழுத்து அடுக்குகிறார்கள். பாலாடைக்கட்டியின் ஓரம் வடியும்படி சூடு காட்டுகிறார்கள். சாஸைச் சொட்டுச் சொட்டாக வைக்கிறார்கள். பிறகு கணினியில் திருத்தம். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். கடைப் பர்கர் குள்ளமாக, பன் சுருங்கி இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும்போது ஆவியில் ரொட்டி சற்றுச் சுருங்கிவிடும் என்று விளக்குகிறார் அந்த அதிகாரி.

உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்பவர் அறிய வேண்டாமா, அதனால்தான் எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவருகிறோம் என்பது அவர்கள் விளக்கம். கோலிக்கும் இதே விளக்கம்தான் தரப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் கோலி போய்விட்டது. அதன் வேலை போகவில்லை. பர்கரில் நான்கு பக்கமும் பரவியிருக்க வேண்டிய வெங்காயம் ஒரே பக்கத்தில் குவிந்தால், நான்கு பக்கமும் அதே அளவு இருப்பதாகப் பார்ப்பவர் மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் காணொளியின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகும் படங்கள் மாறவில்லை. ரகசியத்தைச் சொல்லிவிட்டால் பழி தீர்ந்தது என்ற புதுப் பழக்கத்துக்கு அது வழி காட்டியதோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

படம் வெறும் அலங்காரம், வாங்கும் முடிவை அது பெரிதாகப் பாதிக்காது என்று சொல்பவர்கள் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ரையன் எல்டர், அராத்னா கிருஷ்ணா என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனைகளில் உணவின் படத்தில் கரண்டி இருக்கும் பக்கத்தை மட்டும் மாற்றினார்கள். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குக் கரண்டி வலப்பக்கம் இருந்தபோது வாங்கும் விருப்பம் கூடியது. சாப்பிடுவதாக மனத்துக்குள் எளிதாக நடித்துப் பார்க்க முடிவதே காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். கரண்டியின் திசைக்கே இந்த வலிமை என்றால், இறைச்சியின் பருமனுக்கும் காய்களின் குவியலுக்கும் எவ்வளவு இருக்கும்? கோடிக்கணக்கில் செலவழித்துப் படம் எடுப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

இனி நீதிமன்றங்களுக்கு வருவோம். ஒரே கேள்விக்கு அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு, அடுத்தடுத்த மாதங்களில், இரண்டு விதமான பதில்கள் வந்தன.

ஃப்ளோரிடாவில் வழக்கு பர்கர் கிங் மீது. ‘வாப்பர்’ பர்கர் படத்தில் உண்மையைவிட 35 விழுக்காடு பெரிதாகவும், இறைச்சி இரண்டு மடங்குக்கு மேலாகவும் தெரிகிறது என்பது வழக்குத் தொடுத்தவர்களின் குற்றச்சாட்டு. படத்தில் இருப்பது நாங்கள் விற்கும் அதே இறைச்சி வட்டுதான், படத்தை அச்சு அசலாகத் தரும் கடமை எங்களுக்கு இல்லை என்றது நிறுவனம். நீதிபதி ராய் ஆல்ட்மேன் ஆகஸ்டில் தந்த முடிவு கவனிக்கத்தக்கது. தொலைக்காட்சி, இணைய விளம்பரங்கள் பற்றிய கோரிக்கைகளைத் தள்ளிவிட்டார். அவற்றில் இன்ன அளவு, இன்ன எடை என்ற வாக்குறுதி எதுவும் இல்லை என்பது காரணம். ஆனால் கடைக்குள் மெனு பலகையில் இருக்கும் படத்தைப் பற்றிய கோரிக்கையைத் தள்ளாமல் வைத்துக்கொண்டார். வாங்குபவர் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஆர்டர் சொல்கிறார். நியாயமான மனிதர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதை ஜூரிகள் சொல்லட்டும் என்றார். 2025 மே மாதத்திலும் வழக்கை முழுமையாகத் தள்ளுபடி செய்ய அவர் மறுத்தார்.

நியூயார்க்கில் வழக்கு மெக்டொனால்ட்ஸ், வெண்டீஸ் இரண்டின் மீதும். இறைச்சி முழுதாக வெந்தால் கால்வாசி சுருங்கிவிடும், அதனால் படத்துக்கு அரைவேக்காட்டு வட்டை வைக்கிறார்கள் என்பது அங்கே முக்கியக் குற்றச்சாட்டு. இரு நிறுவனங்களுக்கும் வேலை செய்த ஒரு ஃபுட் ஸ்டைலிஸ்ட் இதைச் சொன்னதாக மனுவில் இருந்தது. செப்டம்பர் 30 அன்று நீதிபதி ஹெக்டர் கொன்சாலஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். பசியைத் தூண்டும் படம் போடுவது எல்லா நிறுவனங்களும் செய்வதுதான் என்றார். இன்னொன்றும் சொன்னார்: எடையும் கலோரியும் இரு நிறுவனங்களின் இணையத்தளத்திலும் தெளிவாகத் தரப்பட்டிருக்கின்றன.

அதாவது, எங்கோ ஓரிடத்தில் எண் சரியாக இருந்தால் படம் தப்பித்துக்கொள்ளும். இந்தத் தர்க்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பசியோடு வரிசையில் நிற்பவர், இணையத்தளத்தில் வேகாத இறைச்சியின் எடையைத் தேடி, அதில் வேகும்போது குறைவது எவ்வளவு என்று கழித்து, மிஞ்சியதைப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறை அறியாத எதிர்பார்ப்பு. ஃப்ளோரிடா நீதிபதி மெனு பலகையைப் பிரித்துப் பார்த்ததில் கூடுதல் மதிநுட்பம் இருக்கிறது. காசு கைமாறும் இடத்தில் இருக்கும் படம் விளம்பரம் என்ற நிலையைத் தாண்டி ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடுகிறது.

இதே சிக்கலை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் நேர் எதிராகத் தீர்த்தது. ஜெர்மனியின் டீகானே நிறுவனம் குழந்தைகளுக்கென்று ஒரு பழத் தேநீர் விற்றது. பெட்டியின் மேல் ராஸ்பெரிப் பழங்களும் வனிலாப் பூக்களும். உள்ளே ராஸ்பெரியும் இல்லை, வனிலாவும் இல்லை. அவற்றிலிருந்து பெற்ற வாசனைகூட இல்லை. சேர்மானப் பட்டியலில் உள்ளதை உள்ளபடியே அச்சிட்டிருந்தார்கள். ஒரு வரி பிழையில்லை. நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடுமே என்பது நிறுவனத்தின் வாதம். ஜூன் 4 அன்று லக்சம்பர்க்கில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பெட்டியின் தோற்றம் மொத்தமாக ஒரு பொய்யான எண்ணத்தை உண்டாக்கினால், பின்பக்கத்துச் சரியான பட்டியல் அந்தப் பொய்யைப் போக்கப் போதாமல் போகலாம் என்றது.

இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த வழக்கு உணவு வரலாற்றில் இடம்பெற வேண்டும். படித்தவர்கள் பட்டியலைப் படித்துக்கொள்வார்கள் என்று சொல்பவர்களுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2014இல் நடந்ததை நினைவூட்டலாம். கோக்க கோலாவின் ‘மினிட் மெய்ட்’ பானம் ஒன்று, மாதுளை, புளூபெரி என்ற பெயர்களைப் பெரிதாகப் போட்டு விற்கப்பட்டது. அதில் மாதுளைச் சாறு 0.3 விழுக்காடு, புளூபெரிச் சாறு 0.2 விழுக்காடு, ஏறத்தாழ எல்லாமே ஆப்பிளும் திராட்சையும். வாங்குபவர்கள் அவ்வளவு விவரமில்லாதவர்களா என்ற பொருளில் நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதிட்டபோது, அது மாதுளைச் சாறு என்றுதான் நானும் நினைத்தேன் என்று நீதிபதி அந்தோணி கென்னடி குறுக்கிட்டார். போட்டி நிறுவனம் வழக்குத் தொடரலாம் என்று அந்த நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தில் ஊறிய உச்ச நீதிமன்ற நீதிபதியே லேபிளைப் பார்த்து ஏமாந்தார் என்றால், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஜூஸ் வாங்கும் தாயைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

பிரிட்டனில் இதைவிட எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். 2010இல் பர்கர் கிங்கின் ‘டெண்டர்கிரிஸ்ப்’ கோழி பர்கர் விளம்பரத்தைப் பற்றிப் புகார் வந்தது. விளம்பரத் தர ஆணையம் நீண்ட விவாதத்தில் இறங்கவில்லை. மூன்று பர்கர்களை வாங்கிவந்தது. கையில் பிடித்துப் பார்த்தது. பருமனும் உயரமும் விளம்பரத்தில் உள்ளதைவிடக் கணிசமாகக் குறைவு என்று கண்டது. விளம்பரத்தைத் தடை செய்தது. படத்தை அளக்க முடியாது என்ற வாதம் அந்த மூன்று பர்கர்களோடு விழுந்துவிட்டது என்பதே என் கருத்து. படத்தில் ஒரு மனிதக் கை இருக்கிறது. கைக்கும் பர்கருக்கும் உள்ள விகிதம் ஓர் எண்தானே.

ஜப்பானின் கதை இன்னும் ஆழமானது. அங்கே விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மைச் சட்டமே ஓர் உணவுப் படத்திலிருந்து பிறந்தது. 1960இல், மாட்டின் படம் போட்ட டப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்கப்பட்டதில் ஈ கிடந்ததாகப் புகார் வந்தது. அதைத் தொடர்ந்து விசாரித்தபோது, அத்தகைய டப்பாக்களில் இருந்தது திமிங்கில இறைச்சியும் குதிரை இறைச்சியும் என்று தெரிந்தது. எழுந்த கோபத்தின் விளைவாக 1962இல் தவறான சித்திரிப்புக்கு எதிரான சட்டம் வந்தது.

அதே நாட்டில்தான், உணவகக் கண்ணாடி அலமாரியில் வைக்கும் போலி உணவு ஒரு பெரும் கைவினையாக வளர்ந்தது. கிஃபு மாகாணத்தின் குஜோ ஹச்சிமானில் பிறந்த இவசாகி தக்கிசோ 1932இல் ஒசாகாவில் மெழுகு உணவு மாதிரிகளைச் செய்யும் தொழிலைத் தொடங்கினார். முட்டை ஆம்லெட் அவருடைய முதல் வெற்றி. பின்னாளில் மெழுகின் இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தது. இந்த மாதிரி முழுக்க முழுக்கப் போலி. ஒரு பருக்கைகூடச் சாப்பிட முடியாது. ஆனாலும் நான் பார்த்த விளம்பர முறைகளில் இதுவே மிக நேர்மையானது என்று சொல்வேன். உணவகம் தான் பரிமாறும் உணவையே மாதிரி செய்பவரிடம் அனுப்புகிறது. அதிலிருந்து அச்சு எடுத்து, அதே கிண்ணத்தில், அதே அளவில் செய்துதருகிறார்கள். பார்த்தவர் உள்ளே போய் உட்கார்ந்து சில நிமிடங்களில் அசலைச் சந்திக்கிறார். வெளியே வரும்போது மாதிரி மறுபடி கண்ணில் படும். அளவைக் கூட்டிக் காட்டினால் அன்றே குட்டு உடையும். படத்துக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம் குறையக் குறையப் பொய்யும் குறைகிறது.

தூரம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் ஜப்பானே சான்று. 2011 புத்தாண்டுக்கு, குரூப்பான் இணையத்தளம் வழியாக யோகோஹாமாவின் ஓர் உணவகம் புத்தாண்டு உணவுப் பெட்டிகள் 500 விற்றது. 21,000 யென் மதிப்புள்ளது 10,500 யென்னுக்கு என்று அறிவிப்பு. படத்தில் நெருக்கி அடுக்கிய 33 வகைகள். வந்த பெட்டிகளில் பாதி இடம் காலி. சிலருக்குக் காலம் கடந்து வந்தது. கேவியர் என்ற இடத்தில் மலிவான வேறொரு மீனின் முட்டை. மக்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். உணவக நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். குரூப்பானின் தலைவர் ஆண்ட்ரூ மேசன் காணொளியில் மன்னிப்புக் கேட்டார். நுகர்வோர் விவகார முகமை 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுத்தது. 21,000 யென் என்ற ‘வழக்கமான விலை’யில் அந்தப் பெட்டி ஒருபோதும் விற்கப்பட்டதே இல்லை என்பதும் அப்போது வெளியானது.

இனி நம் ஊர். தமிழ்நாட்டின் சாப்பாட்டுக் கடைகளில் நெடுங்காலம் உணவே விளம்பரமாக இருந்தது. வாசலில் பரோட்டாவை வீசித் தட்டும் மாஸ்டர், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய வடையும் பஜ்ஜியும், தம் உடைத்ததும் தெருவுக்கே மணக்கும் பிரியாணி அண்டா. வாங்குபவர் விரலைக் காட்டி, “அந்தப் பெரிசைக் கொடுங்கண்ணே” என்று கேட்கலாம். ஜப்பானியர் பிளாஸ்டிக்கில் செய்ததை நாம் அசலாகவே வைத்திருந்தோம். பின்னர் ஃபிளெக்ஸ் பேனர் வந்தது. அதில் இருக்கும் பிரியாணி அந்த அண்டாவில் வெந்தது அல்ல. இணையத்தில் எடுத்த யாருடையதோ படம். அதன்பின் வந்த உணவு டெலிவரிச் செயலிகளில் வாடிக்கையாளர் கடையைப் பார்ப்பதே இல்லை. படம் ஒன்றுதான் அவருக்குக் கடை, அண்டா, மாஸ்டர் எல்லாம்.

அந்தப் படமும் செயற்கை நுண்ணறிவு வரைந்ததாக மாறத் தொடங்கியபோது, 2024 ஆகஸ்டில் சொமாட்டோவின் தலைவர் தீபிந்தர் கோயல், அப்படிப்பட்ட உணவுப் படங்களைத் தங்கள் செயலியிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தார். வாடிக்கையாளர் புகார் கூடுகிறது, பணத்தைத் திருப்பிக் கேட்பது கூடுகிறது, மதிப்பீடு குறைகிறது என்பவை அவர் சொன்ன காரணங்கள். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இணையத்திலிருந்து எடுத்த இன்னொரு கடையின் புகைப்படமும் இதே தீங்கைத்தான் செய்கிறது. அதை ஒரு கேமரா எடுத்தது என்பதற்காக அது உண்மையாகிவிடாது.

எண்ணில் குறைந்தால் நம் சட்டம் எவ்வளவு கறாராகக் கேட்கிறது என்பதற்குத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு உத்தரவு நல்ல சான்று. ஐடிசியின் ‘சன்ஃபீஸ்ட் மேரி லைட்’ பாக்கெட்டின் உறையில் 16 பிஸ்கட் என்றிருந்தது; உள்ளே 15. எண்ணிக்கைப்படி நாங்கள் விற்கவில்லை, எடைப்படிதான் விற்கிறோம் என்றது நிறுவனம். எடை போட்டார்கள். உறையில் 76 கிராம், இருந்தது 74. இவ்வளவு வேறுபாட்டை விதி அனுமதிக்கிறது என்றார்கள். நாள்பட எடை குறையும் பொருளுக்குத்தான் அந்தச் சலுகை, பிஸ்கட்டுக்கு இல்லை என்று ஆணையம் மறுத்து, ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. குறைந்தது ஒரே ஒரு பிஸ்கட். காசாகக் கணக்கிட்டால் ஒரு ரூபாய்கூட வராது. ஆனாலும் கேட்க முடிந்தது. படத்தில் ஆறு துண்டுக் கறியைக் காட்டிவிட்டு டப்பாவில் இரண்டு வைப்பவரிடம் 200 ரூபாய்க்கு வாங்கியவர் ஏன் கேட்க முடியவில்லை?

கேட்க இடமுண்டு என்பதே என் வாசிப்பு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளின் இயல்பு, உட்பொருள், அளவு, தரம் பற்றித் தவறான எண்ணம் தரக்கூடியது எதுவோ அதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. அளவு என்ற சொல் அங்கே வெளிப்படையாக இருக்கிறது. அது சொல்லால் காட்டிய அளவாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவிலும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. படத்தின் மூலையில் எறும்பு எழுத்தில் “படம் மாதிரிக்கு மட்டுமே” என்று போடுவது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, பொறுப்புத் துறப்பு வரி விளம்பரம் சொல்வதை விளக்கலாம். அதற்கு முரணாகப் பேசக் கூடாது.

எனவே புதுச் சட்டம் தேவை என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ள ஒரு விதியை நீட்டினால் போதும். உணவு லேபிள் பற்றிய 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் கலோரியையும், அந்தக் கலோரி எவ்வளவு உணவுக்கு என்பதையும் போட வேண்டும் என்கின்றன. பரிமாறும் அளவு ஏற்கெனவே அங்கே கணக்கிடப்பட்டுத்தான் இருக்கிறது. அதைச் சமைத்தபின் உள்ள எடையாக, கறியும் சோறும் தனித்தனியாக, படத்தின் கீழேயே, விலை எழுதும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்ல வேண்டும். டெலிவரிச் செயலிகளில் படம் போடுகிற எந்தக் கடைக்கும் இது பொருந்த வேண்டும். அந்தப் படமும் அந்தக் கடையின் அடுப்பில் வெந்த உணவின் படமாக இருக்க வேண்டும்.

சிறு கடைக்காரருக்கு இது சுமை என்று ஒரு மறுப்பு வரும். ஒரு தராசும் ஒரு கைப்பேசியும் இல்லாத கடை இன்று இல்லை. உண்மையில் இந்த ஏற்பாட்டால் அதிகம் பயன்பெறப்போவது அவர்தான். கையை அளவாக வைத்து நிறையக் கறி போடுகிறவர், திருடிய படத்தோடு போட்டியிட முடியாமல் இன்று பட்டியலின் அடியில் கிடக்கிறார். எடை வெளிப்படையானால் அவர் மேலே வருவார்.

அதுவரை நாமே செய்யக்கூடியது உண்டு. வாங்கும் முன் செயலியில் உள்ள படத்தைப் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். வந்ததைத் திறந்ததும், தொடுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். வீட்டுத் தராசு இருந்தால் எடையும் போடுங்கள். ரசீதை வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.